உடைமரத்தில் தொங்கும் சோப்பு

இராமநாதபுரம் மாவட்டத்து வேதாளைக் கடற்கரையில் நாங்கள் கூடுகிற இடத்தில், குடை விரித்தாற்போல ஓர் உடைமரம் நிற்கிறது. கிழிந்த நண்டு வலையிலிருந்து சாண் அகலத்துக்கு வெட்டிய துண்டைச் சுருக்குப்பையாகக் கட்டி, உள்ளே ஒரு சலவைச் சோப்பைப் போட்டு, அதன் தாழ்ந்த கிளையில் தொங்கவிட்டிருக்கிறோம். அடியில் ஒரு குடம் தண்ணீர், ஒரு சொம்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையைச் சுத்தம் செய்துவிட்டு வருகிறவர் யாராக இருந்தாலும், அந்தச் சோப்பைத் தொட்ட பிறகுதான் தேநீர் டம்ளரைத் தொட வேண்டும். யார் எந்தப் பக்கம் போவது, எத்தனை மணிக்கு முடிப்பது என்பதெல்லாம் அவரவர் வசதி. அவற்றில் நான் தலையிடுவதில்லை. சோப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பது கிடையாது.

போன வாரம் புதிதாக வந்த கல்லூரி மாணவர் ஒருவர், "குப்பைதானே டீச்சர் பொறுக்கினோம், கடல் தண்ணீரில் கையை அலசிவிட்டேனே, போதாதா?" என்று கேட்டார். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

2023 ஜனவரியில் நான் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் இருந்தேன். மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனவள். பேத்திக்கு இரண்டு மாதம் முடிந்திருந்தது. பத்தியச் சமையலும், எண்ணெய் தேய்த்துக் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் போக, மிச்ச நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கழியும். அடுத்த வீட்டுக்காரர் மின்கம்பப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வேலியோரம் நின்று என் மகளிடம் பேசினார். மறுநாள் தானும் மனைவியும் துப்பாக்கி சுடும் இடம் ஒன்றைச் சுத்தம் செய்யப் போகிறோம், அம்மா வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாரே, கூட வருகிறாரா என்று கேட்டாராம். மருமகன் தயங்கினார். நான் புறப்பட்டுவிட்டேன்.

துப்பாக்கி சுடும் இடம் என்றால் நம் ஊர்க்காரர்களுக்குப் போலீஸ் மைதானம்தான் நினைவுக்கு வரும். அங்கே நிலைமை வேறு. மேற்கு மாநிலங்களில் பரந்து கிடக்கும் பொது நிலத்தில், மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகம் ஒன்றிடம் மட்டும் சுமார் 24 கோடியே 50 லட்சம் ஏக்கர் இருக்கிறது. ஏழு தமிழ்நாட்டை அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். தடை போட்ட பகுதிகள் நீங்கலாக, அந்த நிலத்தில் யாரும் வந்து குறிபார்த்துச் சுட்டுப் பழகலாம். கொண்டுவந்த குறிப்பலகையையும் சிதறிய தோட்டா உறைகளையும் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும். எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போகாதவர்களின் மிச்சத்தை அன்று கண்ணால் பார்த்தேன்.

வறண்ட ஓடைப் படுகை, எதிரே ஒரு மண்மேடு. தோட்டா போய்ப் புதைவதற்காக அந்த மேட்டைப் பார்த்துத்தான் சுடுவார்கள். வண்டியிலிருந்து இறங்கியபோது தரையெல்லாம் மின்னியது. மழை பெய்து ஓய்ந்திருக்கிறது என்றே நினைத்தேன். குனிந்து பார்த்தால் பித்தளை. கால் வைக்கும் இடமெல்லாம் தோட்டா உறை. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மாத்திரைக் குப்பி அளவுதான் இருந்தது. ஒரு பக்கம் திறந்த வாய், உள்ளே கரி. மறுபக்கம் மூடிய விளிம்பில், துப்பாக்கி ஊசி குத்திய சின்னப் பள்ளம். எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். உலோகக் கலவைப் பாடத்தில் முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிப் போட்ட பித்தளையை, இப்படி வாரி இறைத்த நிலத்தில் அன்றுதான் பார்த்தேன்.

அது மட்டும் இல்லை. சிவப்பும் பச்சையுமாக, வெயிலில் வெளுத்துப்போன பிளாஸ்டிக் உறைகள் கிடந்தன. வானில் எறிந்து சுடுகிற ஆரஞ்சு நிறத் தட்டுகளின் ஓடுகள் கிடந்தன. களிமண் தட்டு என்று அவற்றுக்குப் பெயர், ஆனால் சுண்ணாம்புக்கல் பொடியும் கீலும் சேர்த்து வார்த்தவை. சல்லடையாகிப்போன குளிர்பதனப் பெட்டியின் கதவு ஒன்று. குறிபார்ப்பதற்கென்றே யாரோ ஏற்றிவந்து வைத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் மூன்று. அந்தக் காலத்துப் படக்குழாயின் பின்பக்கக் கண்ணாடியில் ஈய ஆக்சைடு கலந்திருக்கும். அந்தக் கண்ணாடி பொடிப்பொடியாக மணலில் இறைந்து கிடந்தது. மரப்பலகைகளை எரித்த சாம்பலில் ஆணி நிறைய இருந்தது. சக்கரம் வைத்த காந்தக் கட்டை ஒன்றை ஒரு பையன் உருட்டிக்கொண்டு போனான், ஆணிகள் மொய்த்துக்கொண்டு வந்தன. பித்தளையும் ஈயமும் காந்தத்துக்கு அசையாது. அவற்றை மனிதக் கைதான் பொறுக்க வேண்டும்.

படுகையின் ஓரத்தில் ஒரு சகுவாரோக் கள்ளி நின்றது. பாலைவனப் படங்களில் இரு கையையும் தூக்கிக்கொண்டு நிற்குமே, அதுதான். முதல் கிளை விடுவதற்கே அதற்கு ஐம்பது முதல் எழுபத்தைந்து ஆண்டு ஆகும். நூற்றைம்பது ஆண்டுக்கு மேலும் வாழும். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் பக்கம் சொல்வார்கள். கள்ளியை விதைத்தவன் அதன் கிளையைப் பார்க்கவே ஆயுள் வேண்டும். அதன் மார்பில் என் கட்டைவிரல் நுழைகிற ஓட்டைகள் பதினேழு. சில பழையவை, காயம் காய்ந்து தழும்பாகியிருந்தது. இரண்டு ஓட்டையின் விளிம்பு இன்னும் ஈரமாக இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவிப் பார்த்தேன். முள்ளுக்கு இடையில் அந்தச் சதை, வெட்டிய வெள்ளரி போலக் குளிர்ந்திருந்தது.

எனக்கு அங்கே நினைவுக்கு வந்தது எங்கள் பள்ளியின் என்.சி.சி. மாணவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை அவர்களை .22 ரைபிள் சுடக் கூட்டிப்போவார்கள். ஒருமுறை துணைக்கு நானும் போனேன். சுட்டு முடித்ததும் காலி உறைகளை எண்ணி ஒப்படைக்க வேண்டும். அன்று ஓர் உறை குறைந்தது. வரிசையாக முழங்காலிட்டு, புல்லை விரலால் வகுந்து வகுந்து தேடினார்கள் பையன்கள். இருட்டுகிற நேரத்தில்தான் கிடைத்தது, ஒருவனின் காலணி மடிப்புக்குள். பயிற்சி தருகிறவர் அதை வாங்கிப் பெட்டியில் போட்டபிறகுதான் பேருந்து கிளம்பியது. ஓர் உறைக்காக ஒரு பேருந்தே காத்திருந்ததைப் பார்த்தவளுக்கு, அந்தப் படுகையில் நிற்கக் கூச்சமாக இருந்தது.

ஆனால் அன்று வந்திருந்த நாற்பது பேரில் பெரும்பாலோர் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களே. அதே படுகையில் சுட்டுப் பழகியவர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதன் சாரம் இது: சுடுகிறவர்கள் நாங்கள், பொறுக்க வேண்டியவர்களும் நாங்கள்தான். பொறுக்காவிட்டால் ஒருநாள் அரசு வந்து மூடிவிடும், அப்புறம் எங்கே போவோம்? யூட்டா மாநிலத்தில் லேக் மவுண்டன்ஸ் என்ற மலையடிவாரத்தில், பழங்குடிகளின் பாறைச் செதுக்கல்களிலேயே தோட்டா பட்டது. பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு பகுதியைச் சுடுகிறவர்களுக்கு மூடிவிட்டார்கள். 'ட்ரெட் லைட்லி' போன்ற அமைப்புகள் துப்பாக்கிக்காரர்களையே திரட்டி இந்த மாதிரிச் சுத்தப் பணிகளை நடத்துவதும் இதற்காகத்தான். தன் நலம் கலந்த தொண்டு என்று சிலர் இதைக் குறைவாகப் பேசலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பார்வையாளராக வந்து போகிறவரின் இரக்கத்தைவிட, நாளைக்கும் அங்கே வந்து நிற்க வேண்டியவரின் கவலை உறுதியானது.

வேலை தொடங்குமுன் குழுத்தலைவி எங்களை வட்டமாக நிறுத்தி விதிகளைச் சொன்னாள். வெடிக்காத தோட்டாவைக் கண்டால் தொடாதே, கூப்பிடு. கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கை விடாதே, பாம்பு இருக்கும். கையுறையோடு முகத்தைத் தொடாதே. கடைசியாக, பலகாரம் இருக்கிறது, ஆனால் சோப்புப் போட்டுக் கை கழுவாத ஒருவரும் அந்த மேசைப் பக்கம் வரக் கூடாது, ஏனென்றால் இந்த மண்ணில் ஈயம் இருக்கிறது என்றாள். மேசைக்கு முன்னால் குழாய் வைத்த தண்ணீர்ப் பீப்பாயும் சோப்பும் இருந்தன. எழுபது வயது முதியவர்கள்கூட வரிசையில் நின்று கழுவினார்கள்.

ஈயம் என்று பொதுவாகச் சொல்கிறோம். தமிழில் அதற்கு இரண்டு பெயர் உண்டு, இரண்டும் வேறு உலோகம். பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசிய ஈயமும் வெள்ளீயம். அது தீங்கு செய்யாது. தோட்டாவில் இருப்பது காரீயம். கறுத்த, கனத்த, நகத்தால் கீறினால் கோடு விழுகிற மென்மையான உலோகம். தண்ணீரைப் போலப் பதினொரு மடங்கு எடை. 327 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். இரும்பை உருக்க 1,538 பாகை வேண்டும், ஈயத்துக்கு அடுப்படிச் சூடு போதும். கனம் வேண்டும், எளிதாக வார்க்கவும் வேண்டும் என்று மனிதன் தேடிய இடத்தில் எல்லாம் ஈயம் வந்து நின்றது. துப்பாக்கிக் குண்டுக்கு அதுதான். மீன்வலையின் அடிக்கயிற்றுக்கும் அதுதான்.

பறவைக்குப் பல் கிடையாது. இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கி அரைவைப்பையில் வைத்துக்கொள்ளும். சேற்றில் கிடக்கிற ஈயக் குண்டும் கல்லும் அதற்கு ஒன்றுதான். அரைவைப்பையில் ஈயம் தேய்ந்து இரத்தத்தில் கலந்தால் கழுத்து தொங்கும், இறகு சரியும், பட்டினியில் சாகும். இதனால்தான் 1991இல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டைத் தடை செய்தார்கள். பிரிட்டனில் அன்னப் பறவைகள் தூண்டில் ஈயத்தை விழுங்கிச் செத்ததைப் பார்த்து, 1987இலேயே சிறிய ஈயக் குண்டுகளின் விற்பனையை நிறுத்தினார்கள். மெக்சிகோவிலும் ஸ்பெயினிலும் ஈயம் விழுங்கிச் செத்தவற்றில் பூநாரைகளும் உண்டு. பூநாரை நம் தனுஷ்கோடிக்கு ஆண்டுதோறும் வருகிற விருந்தாளி. 2025 சூன் 5 அன்று அங்கே பூநாரைகளுக்கென்று ஒரு சரணாலயமே அறிவித்திருக்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் இதெல்லாம் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கடற்கரைச் சுத்தம் எனக்குப் புதிதல்ல. செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் கடற்கரைத் தூய்மை நாள். 1986இல் டெக்சாஸ் கரையில் 2,800 பேர் கூடி, எடுத்த ஒவ்வொன்றையும் எண்ணி எழுதியதில் தொடங்கியது அது. நம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவை அறிவித்ததும் அதே 1986இல்தான். பணியில் இருந்தபோது ஆண்டுதோறும் அந்த நாளில் மாணவர்களை அழைத்துப் போவேன். பதாகை பிடிப்போம், இரண்டு மணி நேரம் பொறுக்குவோம், படம் எடுப்போம். மூட்டைகளை எடுத்துப்போக வண்டி வரும் என்று ஒருமுறை உறுதி சொன்னார்கள். வரவில்லை. பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். மாடுகள் மூட்டைகளைக் கிழித்திருந்தன. கச்சான் காற்று மொத்தத்தையும் இராவணன் மீசைப் புல்லுக்குள்ளும் அடம்புக் கொடிக்குள்ளும் திரும்பவும் கொண்டுபோய்ச் செருகியிருந்தது. பிள்ளைகள் வியர்வை சிந்திப் பொறுக்கிய குப்பை. அன்று வீட்டுக்கு வந்து நான் அழுதேன்.

ஆக, திரும்பி வந்தபிறகு பதாகை பிடிக்கவில்லை. இந்தக் கரையில் நாளைக்கும் வந்து நிற்க வேண்டியவர் யார் என்று தேடினேன். நெடுநாள் தேட வேண்டியிருக்கவில்லை. கடற்பாசி எடுக்கப் போகிற பெண்கள் தினமும் என் கண்முன்னால் கடலில் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சேலைக்கு மேல் சட்டை, விரல்களில் துணிச்சுற்று, கண்ணில் முக்குளிக்கிற கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. கழுத்தளவு தண்ணீரில் மூச்சை அடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறித்து வருவார்கள். ஒரு காலத்தில் எதிரே தெரிகிற முயல் தீவு வரைக்கும் போய் எடுத்தவர்கள். பூங்காவின் இருபத்தோரு தீவுகளும் இப்போது அவர்களுக்கு மூடிய இடம். பவளத்தைக் காக்கத்தான் அந்த விதி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூடுவது என்றால் என்ன என்று ஃபீனிக்ஸ் பக்கத்து வீட்டுக்காரரைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரியும். நான் போய்ப் பேச்செடுத்ததும், அவர்களில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: "தீவு போய்விட்டது டீச்சரம்மா. மிச்சம் இந்தக் கரைதான். இதுவும் கெட்டுப்போனால் நாங்கள் எங்கே போய் மூழ்குவது?"

அவர்களின் முதல் புகார் பிளாஸ்டிக் பற்றியது அல்ல, வலை பற்றியது. அறுந்துபோன வலை பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், மாட்டிக்கொள்ளும். தங்கூசி வலை மெல்லிய நைலான் இழையால் ஆனது, தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. மூழ்குகிறவளின் கால் அதில் சிக்கினால் மேலே வர முடியாது. போன ஆண்டு தன் மகளின் கணுக்காலில் அப்படிச் சுற்றியதை ஒருவர் காட்டிச் சொன்னார். தழும்பு வளையல் போல முழுச்சுற்றாக இருந்தது. பங்குனி ஆமை செத்து ஒதுங்கும்போது கழுத்தில் கிடப்பதும் இதே வலைதான். எந்தப் பாரில் எந்த வலை மாட்டியிருக்கிறது என்று அவர்களுக்கு மனப்பாடம். இவ்வளவு தெரிந்தவர்களை நாங்கள் இத்தனை ஆண்டு ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்படித்தான் ஞாயிறு காலைகள் தொடங்கின. கடல் அடங்கிய நாளில் பெண்கள் கத்தியோடு இறங்கி வலையை அறுத்து மேலே கொண்டுவருவார்கள். மற்றவர்கள் கரையில் ஒதுங்கியதை எடுப்போம். பிரித்து, எடை போட்டு, நான் நோட்டில் எழுதுவேன். ஓரிருவரின் கணவன்மார் வத்தை என்கிற சிறு படகோடு உதவிக்கு வந்தார்கள். வலையின் அடிக்கயிற்றில் வரிசையாக ஈயக்குண்டுகள் கோத்திருக்கும். அரை விரல் நீளக் குழல், நடுவில் துளை, கறுத்துக் கனத்திருக்கும். கிழிந்த வலைக்கு விலை கிடையாது, ஈயத்துக்கு உண்டு. அறுத்தவர்களே அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தோம். உழைப்புக்கு ஒரு கூலி ஆயிற்று, கடலுக்கு அடியில் இருந்த ஈயமும் வெளியே வந்தது. மூன்று மாதத்தில் நாற்பது கிலோ தாண்டியது. அந்த எண்ணை நான் பெருமையோடு மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண்களில் ஒருவர் வீட்டுக்கு எதேச்சையாகப் போனேன். ரேஷன் அட்டைக்கு ஒரு மனு எழுதித் தரச் சொல்லியிருந்தார். பின்பக்க அடுப்படியில் புகை வந்தது. எட்டிப் பார்த்தேன். மூன்று கல் அடுப்பில் ஒரு பழைய இரும்புச் சட்டி. உள்ளே நாங்கள் எடுத்த ஈயக்குண்டுகள் உருகிக்கொண்டிருந்தன. நசுங்கியவற்றை அப்படியே கோக்க முடியாது, புதிதாக வார்த்தால்தான் தன் வலைக்கு ஆகும் என்று அவர் கணவர் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார். உருகிய ஈயம் பார்க்க அழகாக இருக்கும். பாதரசம் போல, வெள்ளியைப் போல ஒளிரும். மேலே மஞ்சளும் சாம்பலுமாக ஏடு படியும். அந்த ஏட்டை அவர் கரண்டியால் வழித்துச் சுவரோரம் தட்டினார். தட்டிய இடத்துக்கு இரண்டு முழத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய மூன்று வயது மகன் உட்கார்ந்து, ஆறிப்போன ஓர் ஏட்டுத் துண்டை மண்ணில் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். விரலை வாயில் வைத்துக்கொண்டான். மறுபடி உருட்டினான்.

முப்பத்திரண்டு ஆண்டு வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த ஏடு ஈய ஆக்சைடு என்று அவருக்குத் தெரியாமல் இருப்பது குற்றமில்லை. ஈயத்தை மக்கள் கையில் எடை போட்டுக் கொடுத்துவிட்டு, அது எங்கே போகிறது என்று ஒருமுறைகூடக் கேட்காமல் இருந்தது என் குற்றம். கடலுக்கு அடியில் இருந்ததை நான் அந்தக் குழந்தையின் அடுப்படிக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தேன்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வாயைக் கொப்பளிக்கவைத்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். அவன் அம்மா பயந்துவிட்டார். உட்காரவைத்து நிதானமாகச் சொன்னேன். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு ஏற்பதைப்போல நான்கைந்து மடங்கு சின்னக் குழந்தையின் உடம்பு ஏற்றுக்கொள்ளும். அது மூளைக்குப் போகும். படிப்பில் பிடிப்பு வராது, சொன்னது நிற்காது. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. இவ்வளவு வரைக்கும் பாதகமில்லை என்று சொல்கிற அளவே ஈயத்துக்குக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அவர் கேட்ட ஒரே கேள்வி: "இதற்கு முன்னால் உருக்கியதெல்லாம்?" அவர் கணவரின் அப்பா காலத்திலிருந்தே அந்தச் சட்டி அந்த வீட்டில் இருக்கிறது.

மதுரைக்கு அழைத்துப்போய்க் குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை செய்தோம். மருத்துவர் மருந்து எதுவும் தரவில்லை. உருக்குவதை நிறுத்துங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும், எனவே சாப்பாட்டைக் கவனியுங்கள் என்றும் சொன்னார். முருங்கைக் கீரைக்கும் நெத்திலிக்கும் எங்கள் பக்கம் பஞ்சமில்லை. இரண்டாம் முறை பார்த்தபோது அளவு இறங்கியிருந்தது. அந்தத் தாளை அவன் அம்மா மடித்து, ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

அதன்பிறகு எங்கள் முறையை மாற்றினோம். வளையாமல் நசுங்காமல் இருக்கிற குண்டுகளைக் கழுவி, அப்படியே எடுத்துப்போய்ப் புது அடிக்கயிற்றில் கோத்துக்கொள்ளலாம். உருக்க வேண்டிய தேவையில்லை. நசுங்கியதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. மூடியுள்ள வாளியில் சேர்த்து, மொத்தமாகப் பழைய உலோகம் வாங்குகிற கடைக்குப் போட்டு, பணத்தைப் பெண்கள் பிரித்துக்கொள்கிறார்கள். அந்தக் கடையிலிருந்து அது யாருடைய உலைக்குப் போகிறது, அந்த உலைக்குப் பக்கத்தில் யாருடைய பிள்ளை விளையாடுகிறது என்ற கேள்வி என்னை இன்னும் உறங்கவிடுவதில்லை. முறையான ஈய உலைக்கு நேராக அனுப்ப வழி தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் அளவு சிறியது என்று இரண்டு இடத்தில் மறுத்துவிட்டார்கள். மூன்றாவது இடத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பெரியவர் ஒருவர், தன் சிறுவயதில் சுட்ட மண் குண்டையும் துளையிட்ட கல்லையும் வலைக்குக் கட்டியதாகச் சொன்னார். பக்கத்துக் குயவர் ஒருவரிடம் ஐம்பது மண் குண்டு சுட்டுத் தரச் சொல்லி, இப்போது ஒரு நண்டு வலையில் கட்டிப் பார்க்கிறோம். ஈயத்தைவிடக் கனம் குறைவு, அளவில் பெரியது, பாறையில் மோதினால் உடைகிறது. நீரோட்டம் குறைந்த இடத்தில் மட்டும் சரிப்படும் போல் இருக்கிறது. இன்னும் சில வாரம் போட்டுப் பார்க்க வேண்டும்.

சோப்பு அந்த நாளுக்குப் பிறகு வந்ததுதான். அரிசோனாவில் பார்த்தேன், கழுவினேன், வந்துவிட்டேன். அந்தப் பீப்பாயை என்னோடு இங்கே கொண்டுவர வேண்டும் என்று எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். கடல் தண்ணீரில் அலசினால் மணல் போகும், உள்ளங்கை ரேகையில் படிந்த ஈயக் கறுப்பு போகாது. சோப்பும் தேய்ப்பும் வேண்டும். நகக்கண்ணைத் தேய்க்கத் தேங்காய் நார் வைத்திருக்கிறோம். முக்கால்வாசிப் பேர் முதல் முறை கழுவிய தண்ணீரைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே இரண்டாம் முறை கழுவுவார்கள்.

அந்த மூன்று வயதுப் பையனுக்கு இப்போது ஐந்து. ஞாயிறு காலை அம்மாவோடு வருகிறான். அவனை வாளிப் பக்கம் விடுவதில்லை. குடத்தடியில் நிற்பதுதான் அவன் வேலை. வருகிறவர்களை நிறுத்தி, "கையைக் காட்டுங்கள்" என்கிறான். போன வாரம் அந்தக் கல்லூரி மாணவரையும் நிறுத்தினான். அவர் இரண்டு கையையும் நீட்டினார். பையன் ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, நகக்கண் கறுப்பாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினான்.

அன்றைய நோட்டுக் குறிப்பு: தங்கூசி வலை ஒன்பது துண்டு. நைலான் கயிறு ஆறு கிலோ. கண்ணாடிப் புட்டி எழுபத்திரண்டு. ஈயக்குண்டு நான்கு கிலோ முந்நூறு கிராம், அதில் நசுங்கியது ஒன்றரைக் கிலோ. இறந்த ஆமை இல்லை. சோப்பு தீர்ந்துவிட்டது, இரண்டு வாங்க வேண்டும்.